குளிரும் காய்ச்சலும்

குளிர், காய்ச்சல் என்னும் இரண்டு சொற்களும் ஒன்றற்கொன்று மாறானவை. காய்தல் என்றால் வெப்பமடைதல். குளிர்தல் என்றால் வெப்பம் நீங்குதல். ஆயினும் இவ்விரண்டையும் இணைத்துக் 'குளிர் காய்ச்சல்' என்று ஒரு நோய்க்குப் பெயரிட்டிருக்கிறோம். இப்பெயர் பொருந்தாப் பெயர் அன்று. உடம்பு அனலாய்க் கொதிக்கும் வேளையிலேயே நோயாளி பற்கள் தந்தியடிக்க நடுங்குகிறான். ஒரு கம்பளி போதாதென்று இன்னொன்று கேட்கிறான். தொட்டுப் பார்ப்பவர் கைக்குச் சுடுகிறது, படுத்திருப்பவனுக்கோ குளிர்கிறது. இந்த முரண்பாட்டின் காரணம் என்ன? குளிரால் நோய் வருகிறதா, அல்லது நோயால் குளிர் வருகிறதா? சீன நாட்டு மருத்துவரும் நம் நாட்டு மருத்துவரும் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்த வினா இது. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நான் சேர்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள குப்பனூரைச் சேர்ந்தவன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டு மலைப்பாதைகளுள் ஒன்று எங்கள் ஊர் வழியாகச் செல்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை செல்சியஸ் பாகை குறையும் என்பது மாணவர்கள் அறிந்த கணக்கு. ஆகவே சமவெளியில் வியர்க்கும் ஒருவர் ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டுப் பாகை குறைந்த காற்றினுள் புகுந்துவிடுகிறார். பொழுது சாய்ந்த பின் மேட்டு நிலம் விரைந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துச் சரிவு வழியே அடிவாரத்தை நோக்கி இறங்குகிறது. மலையடிவாரங்களில் வாழ்வோர் எல்லோரும் அறிந்த அனுபவம் இது.

இத்தகைய நிலத்தில் குளிரைப் பற்றிய எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியிருப்பது இயல்பே. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது தொல்காப்பியம். ஐப்பசி முதல் தை ஈறாக உள்ள அந்த நான்கு திங்களில்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் இருமலும் தும்மலும் மிகுதி. யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், "குளிர் உடம்பில் இறங்கிவிட்டது" என்பார்கள் பெரியோர். உடனே சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைப்பார்கள். வேது பிடிக்கச் செய்வார்கள். கஞ்சி கொடுத்துப் போர்த்திப் படுக்க வைப்பார்கள். வியர்த்துவிட்டால் "நோய் இறங்கிற்று" என்று நெஞ்சாறுவார்கள்.

இதே காட்சியை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டில் எழுதப்பெற்ற ஒரு மருத்துவ நூலிலும் காண்கிறோம். அந்நூல் இன்று 'ஷாங் ஹான் லுன்' என்னும் பெயரால் வழங்குகிறது. 'ஷாங்' என்றால் தாக்குதல் அல்லது ஊறு; 'ஹான்' என்றால் குளிர்; 'லுன்' என்றால் ஆய்வுரை. குளிர்த்தாக்கு நோய் பற்றிய ஆய்வுரை என்று தமிழில் சொல்லலாம். ஆசிரியர் ஜாங் ஜோங்ஜிங், ஹான் பேரரசு நிலைகுலைந்து வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர். நூல் எழுந்த காரணத்தை முன்னுரையில் அவர் தெரிவிக்கிறார். அவருடைய குலத்தார் இருநூற்றுவருக்கு மேற்பட்டவர்கள். கி.பி. 196க்குப் பின் பத்தாண்டுகூட நிரம்புமுன் அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர். மாண்டவர்களுள் பத்துக்கு எழுவர் குளிர்த்தாக்கு நோயால் மடிந்தவர்கள். இந்தத் துயரமே பழைய நூல்களைத் தேடித் தொகுத்துத் தம் நூலை இயற்ற அவரைத் தூண்டியது. பிற்காலத்தில் சிதறிக் கிடந்த அந்நூலைத் தொகுத்தோர் சிலர். 1065ஆம் ஆண்டில் சோங் பேரரசின் அறிஞர்கள் அதைத் திருத்தி அச்சுக்குக் கொணர்ந்தனர்.

ஜாங் ஜோங்ஜிங்கின் பெருமை எதில் இருக்கிறது? நோய் ஒரே நிலையில் நிற்பதில்லை, அது படிப்படியாக நடை மாறுகிறது என்பதை அவர் கூர்ந்து கண்டார். அந்த நடையை ஆறு நிலைகளாக வகுத்தார். முதல் நிலையில் நோயாளிக்குத் தலை நோகிறது, பிடரி விறைக்கிறது, காற்றும் குளிரும் ஆகா. அடுத்த நிலையில் குளிர் அச்சம் நீங்கி வெப்பமே மேலோங்குகிறது. மிகுந்த வியர்வையும் தாகமும் உண்டாகின்றன. இன்னொரு நிலையில் குளிரும் வெப்பமும் மாறி மாறி வருகின்றன, வாய் கசக்கிறது, உணவு செல்வதில்லை. இம்மூன்றும் உடம்பு நோயை எதிர்த்து நிற்கும் நிலைகள். பின் மூன்றும் உடம்பு தளர்ந்து தோற்கும் நிலைகள். வயிறு உப்பிப் பேதியாவது ஒன்று. நாடி நூல்போல் மெலிந்து நோயாளி எந்நேரமும் உறங்கவே விரும்புவது ஒன்று. கையும் காலும் சில்லிட்டுக் குளிரும் வெப்பமும் குழம்பிப் போவது இறுதியான ஒன்று.

இவ்வாறு நிலை பிரித்ததனால் மருந்தும் பிரிந்தது. ஒரே நோயாளிக்கு இன்று உதவும் மருந்து நாளை தீங்காகலாம் என்று அந்நூல் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. முதல் நிலைக்கு அது கூறும் புகழ்பெற்ற கஷாயம் ஒன்றில் சரக்குகள் ஐந்தே. கறுவா மரத்தின் இளங்கிளை, பியோனி என்னும் பூச்செடியின் வேர், அதிமதுரம், இஞ்சி, இலந்தை இனத்துப் பழம் என்பன அவை. இவற்றுள் மூன்று நான்கு நம் நாட்டு மருந்துக் கடையிலும் சமையலறையிலும் கிடைப்பனவே அன்றோ? அதைக் குடிக்கும் முறை நமக்கு இன்னும் நெருங்கியது. கஷாயத்தைக் குடித்துச் சற்று நேரம் கழித்துச் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும். போர்த்துக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பெங்கும் இலேசாக வியர்த்தால் நன்று. ஆறுபோல் வியர்வை ஓடவிட்டால் நோய் நீங்காது. ஒரு வேளை மருந்திலேயே குணமானால் எஞ்சியதைக் குடிக்கலாகாது. பத்தியமும் உண்டு, பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் உள்ளவை, இறைச்சி, மது ஆகியன விலக்கு. அடிவாரத்து மூதாட்டி எவரேனும் இதைக் கேட்டால் இது நம் வீட்டு முறைதானே என்று வியப்பார்.

இன்னொரு நுட்பமும் காண்க. பச்சை இஞ்சியையும் உலர்ந்த சுக்கையும் நாம் இரு வேறு பொருள்களாகவே கருதி இரு வேறு பெயர் இட்டிருக்கிறோம். சீன மருத்துவமும் அவ்வாறே இவ்விரண்டையும் தனித்தனி மருந்தாகக் கொள்கிறது. மேற்பரப்பிலுள்ள குளிரை விலக்க இஞ்சி என்றும், உள்ளே புகுந்துவிட்ட குளிரை விலக்கச் சுக்கு என்றும் அது பிரிக்கிறது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் ஏற்றக்குறைவால் நோயை விளக்குகிறது. குளிர்ச்சியை ஐயத்தோடு சேர்த்து எண்ணுகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கப்பெற்ற கபசுரக் குடிநீரின் பெயரிலேயே அந்த ஐயமாகிய கபம் இருக்கிறது. அதன் பதினைந்து சரக்குகளுள் முதலில் எண்ணப்படுவது சுக்கு. கொள்கைகள் வேறாயினும் குளிருக்குக் காரம் என்னும் அனுபவ அறிவு இரு நாட்டிலும் ஒன்றாகவே வளர்ந்திருக்கிறது.

இனி, இன்றைய அறிவியல் இதைப் பற்றி என்ன கூறுகிறது என்று பார்ப்போம். முதலில் அந்த முரண்பாட்டை எடுத்துக்கொள்வோம். நம் மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தை ஆளும் ஒரு பகுதி இருக்கிறது. வழக்கமாக அது 37 பாகையை ஒட்டி உடம்பை நிறுத்தி வைக்கிறது. நோய்க்கிருமி புகுந்ததும் இரத்தத்தில் சில பொருள்கள் சுரந்து, அந்த ஆளுகை அளவை 39க்கோ 40க்கோ உயர்த்திவிடுகின்றன. அப்போது 37 பாகையில் இருக்கும் உடம்பு தனக்கு வெப்பம் போதவில்லை என்று உணர்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இதுவே குளிர் நடுக்கம். பின்னர் ஆளுகை அளவு இறங்கும்போது உடம்பு மிகை வெப்பத்தைக் கழிக்க வியர்க்கிறது. ஆகவே நடுக்கம் காய்ச்சல் ஏறுவதன் அறிகுறி. வியர்வை அது இறங்குவதன் அறிகுறி. 'குளிர் காய்ச்சல்' என்ற பெயரில் நம் முன்னோர் கண்டதும், குளிர் அச்சத்தை முதல் நிலையில் வைத்து வெப்பத்தை அடுத்த நிலையில் வைத்த ஜாங் ஜோங்ஜிங் கண்டதும், உண்மையான வரிசையே. அவர்கள் கவனித்தது சரி.

ஆனால் கவனித்தது சரியாயின் காரணமும் சரியாகிவிடுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு நெடுங்காலமாகப் பகையாயிருந்த மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர், வெப்பம், வியர்வை என்னும் மூன்று நிலைகளும் இந்நோயில் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, இரு நாள் விட்டோ தவறாமல் வந்ததனால் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். மாலையில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. அதில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சில நாளில் நடுக்கம் காண்கிறது. ஆகவே குளிர்காற்றே காரணம் என்று எண்ணினார்கள். இத்தாலி நாட்டாரும் இவ்வாறே நினைத்துக் கெட்ட காற்று என்னும் பொருளில் 'மலேரியா' என்று பெயர் வைத்தனர். உண்மையில் அதே மாலை வேளையில்தான் அனாபிலிஸ் கொசுவும் இரை தேடிப் புறப்படுகிறது! காற்றும் கொசுவும் ஒரே நேரத்தில் வந்தன. கண்ணுக்கும் உடம்புக்கும் தெரிந்தது காற்று மட்டுமே.

1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். சில ஆண்டுகளில் இத்தாலியரான கோல்ஜி, ஒட்டுண்ணிகள் இரத்த அணுக்களை ஒருசேர உடைத்துக்கொண்டு வெளிவரும் வேளையிலேயே நடுக்கம் தோன்றுகிறது என்று காட்டினார். ஒருவகை ஒட்டுண்ணிக்கு அதற்கு 48 மணி நேரமும் இன்னொரு வகைக்கு 72 மணி நேரமும் ஆகின்றன. முறைக்காய்ச்சலின் முறை இதுதான். 1897 ஆகஸ்டில் நம் நாட்டுச் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் குடற்சுவரில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். காரணம் தெரிந்த பின்னரே நோயை வேரோடு எதிர்க்க முடிந்தது. விடுதலை பெற்ற ஆண்டில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும் எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டனர். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1961இல் நோயாளிகள் ஏறத்தாழ ஐம்பதாயிரமாகக் குறைந்தனர். பின் முயற்சி தளர்ந்தது. கொசுக்கள் மருந்துக்குப் பழகின. 1976இல் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அதன் பின் மீண்டும் போராடியே அதை இறக்க வேண்டியிருந்தது. எத்தனை கம்பளி போர்த்தியிருந்தாலும் இந்தக் கணக்கில் ஓர் எண்ணும் குறைந்திராது.

பழைய மருத்துவம் தன்னைத்தானே கேள்வி கேட்டதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சீனத்தில் 1641இல் பெருந்தொற்று பரவியபோது, குளிர்த்தாக்கு முறைப்படி மருந்து கொடுத்தும் மக்கள் மாள்வதை வூ யூசிங் என்னும் மருத்துவர் கண்டார். அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதி, இந்நோய் குளிராலோ பருவத்தாலோ வருவதன்று. தனியானதொரு நச்சுப் பொருள் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் புகுகிறது என்று வாதிட்டார். நுண்பெருக்கி கொண்டு எவரும் கிருமியைக் காண்பதற்கு முன்பே இப்படி அவர் கருதினார். பதினான்கு நூற்றாண்டு மதிக்கப்பெற்ற ஒரு நூலின் வழி வந்தவர், நோயாளியின் படுக்கையருகே கண்டதற்காக அந்நூலை மறுத்தார். அறிவு வளர்வது இத்தகைய துணிவினால்தான்.

அவ்வாறாயின் குளிருக்கும் சளிக்கும் தொடர்பே இல்லையா? இதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தருகே 1946 முதல் 1990 வரை சளி நோய்க்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கிற்று. தாமே முன்வந்தவர்களைக் குளிப்பாட்டி, ஈர உடையோடு காற்றோட்டத்தில் நிற்க வைத்துப் பார்த்தனர். குளிர் மட்டும் பட்டவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை. கிருமி இன்றிச் சளி இல்லை என்பது உறுதியாயிற்று. ஆயினும் அதே நிலையத்தில் 1960இல் டைரல் என்பவரும் அவர் துணைவர்களும், சளிக் கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 37 பாகையைவிட 33 பாகையே ஏற்றது என்று கண்டனர். நம் மூக்கின் உட்புறம் இருப்பது ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான். 2005இல் கார்டிப் நகரத்தில் 180 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் பாதிப் பேர் இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் கால்களை வைத்திருந்தனர். அடுத்த சில நாள்களில் அவர்களுள் 13 பேர் சளி பிடித்ததாகக் கூறினர்; மற்ற 90 பேருள் அவ்வாறு கூறியவர் ஐவரே. ஏற்கெனவே மூக்கினுள் ஒளிந்திருந்த கிருமி, குளிரால் இரத்த ஓட்டம் குறைந்த வேளையில் தலை தூக்கியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். 2007இல் நடந்த இன்னோர் ஆய்வில், குளிர்ந்த உலர்ந்த காற்றில் இன்புளுயென்சா ஒரு விலங்கிலிருந்து மற்றொரு விலங்குக்கு எளிதில் தொற்றுவதைக் கண்டனர். ஆகக் குளிர் நோயை விதைப்பதில்லை. விதை முளைக்க நிலத்தைப் பதப்படுத்துகிறது எனலாம். நம் பாட்டிமாரின் சொல்லில் பாதி உண்மை இருந்திருக்கிறது. அந்தப் பாதி எது என்று காட்டுவதற்கு ஆய்வு வேண்டியிருந்தது.

பழைய ஏட்டிலுள்ள ஒரு வரி உயிர் காக்கும் மருந்தாக மலர்ந்த வரலாறு ஒன்றும் உண்டு. 1967இல் சீன அரசு மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடும் பணியைத் தொடங்கியது. தூ யூயூ என்னும் பெண்மணி அதில் பங்கு கொண்டு நூற்றுக்கணக்கான பழைய மருந்துக் குறிப்புகளை ஆராய்ந்தார். சிங்ஹாவ் என்னும் செடி முதலில் சிறிது பயன் தந்தது. மறுமுறை சோதித்தபோது பயன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருத்துவ நூலை அவர் மீண்டும் புரட்டினார். ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு அதில் இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. கொதிப்பால் மருந்துச் சத்து அழிந்துபோகிறதோ என்று அவர் ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுதும் போக்கிற்று. மறு ஆண்டில் அவரும் அவர் துணைவர்களும் அம்மருந்தை முதலில் தாமே உட்கொண்டு பார்த்து, பின்னரே நோயாளிகளுக்கு அளித்தனர். ஆர்ட்டிமிசினின் என்னும் அம்மருந்துக்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய நூல் வழி காட்டிற்று; ஆனால் ஆய்வுக்கூடமும் எலியும் நோயாளியும் சான்று கூறிய பின்னரே அது மருந்தாயிற்று. பழமையை இகழ்ந்திருந்தால் அந்த வரி கண்ணில் பட்டிராது. பழமையை வணங்கி நின்றிருந்தால் செடியைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டே இருந்திருப்பர்.

மாணவ நண்பர்களே, இந்த ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால் நீங்கள்தாம் முதலில் பேச வேண்டியவர்கள். சுக்குக் கஷாயமும் கஞ்சியும் கொடுப்பதைத் தடுக்க வேண்டா. அவை தொண்டைக்கு இதமும் உடம்புக்கு நீரும் தரும். ஆனால் காய்ச்சலின் காரணத்தைக் கஷாயம் சொல்லாது. இரத்தச் சோதனைதான் சொல்லும். சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யப்படுகிறது. ஒரு துளி இரத்தம் போதும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். டெங்குக் காய்ச்சலில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் வெப்பம் தணிகிறது. 'உடம்பு குளிர்ந்துவிட்டது' என்று வீட்டார் மகிழ்வார்கள். சிலருக்கு அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து நாடி தளரத் தொடங்குகிறது. கையும் காலும் சில்லிடுதல், ஓயாத வாந்தி, வயிற்று வலி, பதற்றம், அளவு மீறிய மயக்க உறக்கம், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மெலிந்த நாடியும் உறக்கமும் சில்லிட்ட கைகால்களும் உயிருக்கு ஆபத்தான நிலை என்று ஜாங் ஜோங்ஜிங் தம் குலத்தாரைப் பறிகொடுத்த துயரத்தில் எழுதி வைத்தார். கிருமி இன்னதென்று அவருக்குத் தெரியாது. கொசுவை அவர் ஐயுறவில்லை. இரத்தக் குழாயினுள் நீர் ஏற்றும் வழியும் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தவை கூர்ந்த கண்ணும், நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்கும் விரலும் மட்டுமே. நம்மிடம் அவற்றோடு மருத்துவமனையும் இருக்கிறது. நடுங்கும் பிள்ளைக்குப் போர்வை கொடுங்கள்; கைகால்களைத் தொட்டுப் பாருங்கள்; காலம் தாழ்த்தாமல் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.